உப்போடைக் காளை நோட்டு

ஒரு காலத்துல, அது எந்தக் காலம்னு என்னைக் கேக்காதீங்க, ரயிலுக்கு முந்தி, ரோட்டுக்கு முந்தி, இங்க உக்காந்திருக்கிற ஒங்க தாத்தனுக்குத் தாத்தன் அரைஞாண் கயித்தோட ஓடித் திரிஞ்ச காலம்னு வச்சுக்கிடுங்க, உப்போடைன்னு ஒரு ஊரு இருந்துச்சு. இப்பவும் இருக்கு, எங்கயும் ஓடிப் போகல. ஆனா அன்னைக்கு இருந்த உப்போடை வேற. சித்திரை பொறந்துட்டாப் போதும், கரிசக்காட்டுல இருக்கிற அம்புட்டு மாடும் அங்கனதான் நிக்கும். தாவணின்னா மாட்டுச் சந்தை, தாவணின்னா அதுதான் தாவணி. மாட்டுச் சத்தத்துல மனுசன் பேசுறது கேக்காது. மனுசன் பேசுறதுல மாட்டுக்குத் தூக்கம் வராது.

அந்தத் தாவணியில ஒரு தரகரு. பேரு வெயிலுமுத்து. ஆளு பனைமரத்துல பாதி. மீசை மட்டும் முழுசா இருக்கும். அவரு ஒரு மாட்டப் புடிச்சு, வாயத் தொறந்து, பல்லப் பாத்து, "ஆறு பல்லு, அடுத்த வருசம் எட்டும் மொளைச்சுக் கடைசேரும்"னு சொன்னாருன்னா, அந்த மாடே "ஆமா"ன்னு தலைய ஆட்டுமாம். அப்படிச் சொல்லுவாவ. சுழி பாக்கிறதுலயும் அவருதான். நெத்தியில எங்க சுழி, முதுகுல எங்க சுழி, எந்தச் சுழி வீட்டுக்கு ஆகும், எந்தச் சுழி பொண்டாட்டிய ஓட்டிவிடும், அம்புட்டும் அத்துப்படி.

தரகு எப்படி நடக்கும் தெரியுமா? தோள்ல கெடக்கிற துண்ட எடுத்து கை மேல போட்டுக்கிடுவாவ. துண்டுக்குக் கீழ தரகரு கை, வாங்குறவன் கை. வாயில பேச்சே கெடையாது. ஒரு விரலப் புடிச்சா ஒரு வெலை, ரெண்டு விரலப் புடிச்சா ஒரு வெலை, மடக்கிப் புடிச்சா ஒண்ணு, நிமுத்திப் புடிச்சா ஒண்ணு. வெளியில பாத்தா ரெண்டு பேரும் வானத்தப் பாத்துக்கிட்டு நிப்பான், மழை வருமான்னு பாக்கிற மாதிரி. உள்ள கை என்னமோ எலி புடிச்ச பூனை மாதிரி கெடந்து உருளும். இதுல ஒரு கட்டு இருக்கு. துண்டுக்குள்ள பேசினத வெளியில சொல்லப்படாது. சொன்னா அவன் தரகன் இல்ல. அதே மாதிரி, துண்டுக்குள்ள புடிச்ச விரல மாத்தப்படாது. வெளியில ஆயிரம் பொய் சொல்லு, "இந்த மாடு போன வாரம் பட்டணத்துக்கு ஒத்தையில போய்ட்டு வந்துச்சு"ன்னு சொல்லு, யாரும் கேக்கமாட்டான். துண்டுக்குள்ள பொய் கெடையாது. வேணாம்னா கைய உருவிடலாம். உருவிட்டா "என் பேச்சுல நான் நிக்கல"ன்னு அர்த்தம்.

சரி. அந்தக் காலத்துல ரூவான்னா வெள்ளி ரூவா. ஒரு சோடி மாடு வித்தவன் மடியில ரூவாயக் கட்டிக்கிட்டு நடப்பான் பாருங்க, நெறமாசக்காரி தோத்தா! வயித்தப் புடிச்சுக்கிட்டு, பைய, பைய. ஊருக்கு மேற்க பனங்காடு. பனங்காட்டுல கள்ளன். அவனும் மரத்துக்குப் பின்னால இருந்து இந்த நடையத்தான் பாத்துக்கிட்டிருப்பான். "ஆங், வாராருடே மாசமாயிருக்கிறவரு! பிரசவம் பாத்து அனுப்புவோம்"னு வந்து வழிமறிப்பான். மாடும் போச்சு, ரூவாயும் போச்சு, வேட்டியும் போச்சுன்னு வந்து சேந்தவன் எத்தனையோ பேரு.

இதப் பாத்துக்கிட்டே இருந்தாரு ஒருத்தரு. அழகியநம்பி. பஞ்சுக்கடை மொதலாளி. வெயிலுமுத்தும் அவரும் ஒரே தெரு. சின்னதுல ஒரே கும்பாவுல கஞ்சி குடிச்சவங்க. அழகியநம்பி அப்பன் கடன்பட்டுச் செத்தப்ப, மொத பஞ்சு மூட்டை வாங்குறதுக்குத் துட்டு குடுத்தது யாரு? வெயிலுமுத்து. எங்க இருந்து குடுத்தாரு? பொண்டாட்டி ஆவுடைத்தாய் காதுல கெடந்த தண்டட்டியக் கழத்திக் குடுத்தாரு. அந்தம்மா அன்னையில இருந்து காதத் தடவித் தடவிப் பேசும். ஒவ்வொரு தடவலுக்கும் ஒரு வசவு.

அழகியநம்பி பேச்சு இருக்கே, சீனியில ஊறப்போட்ட தொண்டை. மூக்கால பாதி, வாயால பாதி. எதச் சொன்னாலும் மொதல்ல, "நமக்குள்ள என்ன அண்ணாச்சி"ம்பாரு. கடன் கேட்டாலும், "நமக்குள்ள என்ன அண்ணாச்சி." கடன் குடுக்கலைன்னாலும், "நமக்குள்ள என்ன அண்ணாச்சி."

அவரு ஒரு நாள் சொன்னாரு. "அண்ணாச்சி, நான் ஒரு பாங்கி தொறக்கப் போறேன்."

"அது என்னடே பாங்கி? திங்கிறதா, குடிக்கிறதா?"

"வெள்ளி ரூவாய எல்லாம் வாங்கி இரும்புப் பெட்டியில வச்சுக்கிடுவேன். பதிலுக்குக் காயிதம் அச்சடிச்சுக் குடுப்பேன். காயிதத்த மடிச்சு மடியில வச்சுக்கிட்டா கள்ளனுக்குத் தெரியுமா? வேணுங்கிறப்ப காயிதத்தக் குடுத்துட்டு வெள்ளிய வாங்கிட்டுப் போகலாம்."

சொன்ன மாதிரியே இரும்புப் பெட்டி வந்துச்சு. ஊரே வேடிக்கை பாத்துச்சு. கடைக்குள்ள ஏத்துறப்ப ரெண்டு படிக்கல்லு ஒடைஞ்சு போச்சாம். பட்டணத்துல காயிதமும் அடிச்சு வந்துச்சு. ஒரு பக்கம் எழுத்து. எவன் வாசிக்கப் போறான்? இன்னொரு பக்கம் ஒரு காளைப் படம். அங்கதான் வந்துச்சு வெனை. படம் வரைஞ்சவன் பட்டணத்துக்காரன். காளையக் கண்ணால கண்டிருக்கான், மனசால காணல. திமிலே இல்ல! கொம்பு ஆட்டுக் கொம்பு. நெத்தியில மை சொட்டி ஒரு பொட்டு வேற.

தாவணிக்காரன் ஒருத்தன் கையில வாங்கினான். கொம்பையான்னு பேரு, மானாவாரி வெவசாயி, கெணத்துத் தண்ணி மாதிரி ஆழமான ஆளு, சிரிக்கவே மாட்டாரு. காயிதத்தத் திருப்பினாரு. கண்ணுகிட்டக் கொண்டு போனாரு.

"இது என்னவே? சீமைப் பன்னியா?"

"காளைவே, காளை!"ன்னாரு அழகியநம்பி.

"திமிலு எங்க?"

"படம்தானவே..."

"நெத்தியில பாடைச்சுழி இருக்கே! இத வீட்டுக்குள்ள கொண்டு போனா எழவு விழும். எடுத்துட்டுப் போம்."

அம்புட்டுதான்! ஒருத்தன் வாங்கல. "பாடைச்சுழி நோட்டு, பாடைச்சுழி நோட்டு"ன்னு தாவணி பூரா பேச்சு. அழகியநம்பி மொகம் வத்திப் போச்சு. நேரா வெயிலுமுத்துகிட்ட ஓடி வந்தாரு. "நமக்குள்ள என்ன அண்ணாச்சி, ஒம்ம செவலைக் காளைய ஒரு நாளைக்குக் கடன் தாரும்."

வெயிலுமுத்துகிட்ட ஒரு செவலைச் சோடி இருந்துச்சு. அதுல வலத்து மாடு இருக்கே, ராசா! நெத்தியில கோபுரச்சுழி. பட்டணத்துல இருந்து அந்தப் படக்காரனையே வண்டி வச்சுக் கூட்டியாந்து, செவலைக்கு முன்னால உக்கார வச்சாவ. அவன் திமிலப் பாத்துப் பாத்து வரைஞ்சான். செவலை அவன் தலைப்பாகையப் பாத்துப் பாத்து மென்னுச்சு. ரெண்டு பேருக்கும் திருப்தி.

ரெண்டாம் தடவை வந்துச்சு பாருங்க நோட்டு! கொம்பையா வாங்கிப் பாத்தாரு. திமில் இருக்கு. தாடை இருக்கு. நெத்தியில கோபுரச்சுழி இருக்கு. "ம்"னாரு. அவரு "ம்"னா அது பெரிய பாராட்டு. தாவணி பூராவும் வாங்கி வாங்கிச் சுழியப் பாத்தாவ. "நல்ல சுழி. வீட்டுக்கு ஆகும்"னாவ. கோட்டிக்காரப் பயலுவ! காயிதத்துல இருக்கிற காளைக்குச் சுழி பாத்தானே ஒழிய, இரும்புப் பெட்டிய ஒருத்தன் தொறந்து பாக்கணும்னு சொன்னானா? சொல்லல. மாட்டுக்காரன் மாட்டத்தான பாப்பான்.

ஆனா ஒண்ணு. சுழி நல்லா இருந்தாலும் யாரும் மாடு வாங்கிற மாட்டான், தரகரு சொல்லணும். நோட்டுக்கும் அதேதான். எல்லாரும் திரும்பி வெயிலுமுத்து மொகத்தப் பாத்தாவ. வெயிலுமுத்து அழகியநம்பிகிட்டப் போனாரு. தோள்துண்ட எடுத்துக் கை மேல போட்டாரு. துண்டுக்குள்ள கேட்டாரு, அதாவது விரலால கேட்டாரு: வெளியில போற ஒவ்வொரு காயிதத்துக்கும் உள்ள வெள்ளி இருக்குமாடே?

அழகியநம்பி அஞ்சு விரலையும் சேத்து, கை முழுசாப் புடிச்சாரு. முழுசுன்னா முழுசு. ஒரு கொறை இல்ல.

வெயிலுமுத்து துண்ட எடுத்து ஒதறித் தோள்ல போட்டுட்டு, தாவணியப் பாத்து, "வாங்குங்கவே! நான் சொல்லுதேன்!"னாரு. அன்னையில இருந்து ஓடுச்சு காளை நோட்டு. மாட்டுக்குக் காளை நோட்டு. மொளகாய்க்குக் காளை நோட்டு. மொய்க்குக் காளை நோட்டு. பனங்காட்டுக் கள்ளன் பொழைப்பத்துப் போயி பதநி எறக்கப் போய்ட்டான்னு சொல்லுவாவ. வெள்ளி கேட்டவனுக்கு அழகியநம்பியும் கேட்ட அன்னைக்கே எண்ணிக் குடுத்தாரு. பொய் சொல்லக்கூடாது, கொஞ்ச வருசம் யோக்கியமாத்தான் நடந்துச்சு.

அப்புறம் ஒரு சித்திரை. தாவணிக்கு முந்தின வாரம். அழகியநம்பி வெயிலுமுத்து வீட்டுக்கு வந்தாரு. பாங்கி மொதலாளி ஆன பொறவு வீட்டுப் பக்கம் வராதவரு, வந்தாரு. தரையில உக்காந்தாரு. ஆவுடைத்தாய் கையில கஞ்சி வாங்கிக் குடிச்சாரு. "மதினி, ஒங்க கைக் கஞ்சிக்கு ஈடு எதுவும் இல்ல"ன்னாரு.

அந்தம்மா காதத் தடவிக்கிட்டே, "ஆமாமா, எங்காதுல ஒரு காலத்துல ஈடு இருந்துச்சு, அது ஒங்க கடைக்குப் போச்சு"ன்னுச்சு.

அழகியநம்பி சிரிச்சாரு. "நமக்குள்ள என்ன மதினி." பொறவு இந்தப் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, இந்தத் தாவணியில ஒருத்தனும் வெள்ளியில வியாபாரம் பண்ணப்படாது. எல்லாம் காளை நோட்டுலயே நடக்கட்டும். நீரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். தாவணி முடிஞ்ச பொறவு அவனவன் வந்து வாங்கிக்கிடட்டும்."

"பெட்டியில இருக்காடே?"

அழகியநம்பி கஞ்சிக் கும்பாவக் கீழ வச்சாரு. அவரே கை நீட்டினாரு. வெயிலுமுத்து துண்டப் போட்டாரு. கை முழுசாப் புடிச்சாரு மனுசன். எப்பவும் புடிக்கிறத விட இறுக்கமாப் புடிச்சாரு. கை சில்லுனு வேர்த்துக் கெடந்துச்சு. சித்திரை வெயிலுதானேன்னு வெயிலுமுத்து நெனச்சாரு. நம்பி புடிச்ச கையத் தம்பி கைன்னு நெனச்சாரு.

அவரு போன பொறவு ஆவுடைத்தாய் சொல்லுச்சு, "இங்கேருங்க. பருத்தி எடுத்து முடிஞ்சு மாசமாச்சு. இவரு கடையில இருந்து மட்டும் பஞ்சு வண்டி தெக்க தெக்கப் போய்க்கிட்டே இருக்கே. காட்டுல இல்லாத பஞ்சு கடையில எப்படி வெளையுது?"

"ஏட்டி, வாய மூடு. தண்டட்டிய நெனச்சுக்கிட்டே பேசாத."

"நான் தண்டட்டிய நெனக்கல. வண்டிச் சக்கரம் மண்ணுல எறங்கியிருக்கிற ஆழத்த நெனக்கேன். பஞ்சு அம்புட்டுக் கனமா?"

வெயிலுமுத்து எந்திரிச்சு வெளிய போய்ட்டாரு. பதில் இல்லாதப்ப ஆம்பளைங்க போற எடம் அதுதான? வெளிய!

தாவணி கூடுச்சு. கொம்பையா தன்னோட காளைச் சோடிய ஓட்டிட்டு வந்தாரு. வீட்டுக் கெணறு வத்திப் போச்சு, தோண்டி எறக்கணும், அதுக்காக விக்காரு. மாட்டத் தடவித் தடவிக் குடுத்தாரு. வாங்குறவன் காளை நோட்டக் கட்டா நீட்டினான். கொம்பையா கை நீட்டல. வெயிலுமுத்தப் பாத்தாரு.

"எனக்கு வெள்ளியாக் குடுத்தாத் தேவல."

"ஏன்வே?"

"கெணறு தோண்டுறவன் கூலிய வெள்ளியாக் கேக்கான். இதுக்கு முன்னால இத நம்பினேன், சரி. இம்புட்டு மொத்தமா நம்பலாமாவே?"

வெயிலுமுத்து சிரிச்சாரு. "எம் மொகத்தப் பாரும். செவலைச் சுழி மேல சத்தியமா சொல்லுதேன். துண்டு போட்டுக் கேட்டுட்டேன். வாங்கும்."

துண்டு போட்டுக் கேட்டுட்டேன்னு சொன்னா அதுக்கு மேல பேச்சு கெடையாதுல்லா. கொம்பையா வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு. மாட்டக் கொண்டு போறப்ப அது திரும்பித் திரும்பிப் பாத்துச்சாம். இவரு திரும்பிப் பாக்கலயாம்.

தாவணி முடியிற அன்னைக்கு வந்துச்சு தண்டோரா. டண்டண்டண்! டண்டண்டண்! "இதனால் சகலமானவர்களுக்கும்... சர்க்காரு நோட்டத் தவிர வேற எவன் நோட்டும் இனிமே செல்லாது! யாரு யாரு அச்சடிச்சாவளோ அவங்கவங்க வெள்ளியக் குடுத்துக் காயிதத்த வாங்கிக்கிடணும்! டண்டண்டண்!" தமுக்கடிக்கிறவன் இடுப்புலயும் காளை நோட்டு இருந்துச்சு போல. கடைசி டண்டண் அடிக்காமயே கடைப் பக்கம் ஓடினான்.

ஊரே ஓடுச்சு. தாவணியே ஓடுச்சு. பஞ்சுக்கடைக்கு முன்னால நிக்க எடம் இல்ல. எல்லாக் கையிலயும் காளை. வெயிலுமுத்து சிரிச்சுக்கிட்டே வந்தாரு. "மெதுவாவே, மெதுவா! எல்லாருக்கும் கெடைக்கும். நம்பி எங்கயும் ஓடிப் போகல"ன்னு கூட்டத்த ஒழுங்குபடுத்துதாரு! அந்தக் கூத்த என்ன சொல்ல!

அழகியநம்பி ஒடைஞ்ச படிக்கல்லு மேல வந்து நின்னாரு. பட்டுச் சால்வை. பக்கத்துல சர்க்காரு கச்சேரிச் சேவகன் ரெண்டு பேரு, கம்போட. சீனித் தொண்டையில ஆரம்பிச்சாரு.

"ஊராருக்கு வணக்கம். பெட்டியில பாதிக்கும் கொறைவாத்தான் இருக்கு. நான் என்ன செய்ய? வியாபாரத்துல போச்சு. ஆனா நான் யாரையும் ஏமாத்தல. தாவணிக்கு முன்னாலயே தரகர்கிட்ட உண்மையச் சொல்லிட்டேன். 'கொறைவா இருக்கு, ஊராரு காயிதம் வாங்க வேண்டாம்'னு துண்டுக்குள்ள சொன்னேன். அவரு ஒங்களுக்குச் சொல்லலைன்னா அது அவரு பொறுப்பு. தரகு வாங்கினது அவருதான?"

வெயிலுமுத்து ஒழுங்குபடுத்துறத விட்டுட்டுத் திரும்பினாரு. கூட்டம் திரும்புறது மட்டும் தெரியுது. நோட்டு நீட்டிக்கிட்டிருந்த கை பூரா இவரு பக்கம் திரும்புது. கொம்பையா மொகம் திரும்புது. எந்தப் பயலுக்காகத் தண்டட்டியக் கழத்தினாரோ, அந்தப் பய துண்டையே எடுத்து இவரு கழுத்துல போட்டு இறுக்குதான். இறுக்குறவனுக்குத் தெரியும், இவரு வாயத் தொறக்க முடியாதுன்னு. துண்டுக்குள்ள பேசினதச் சொன்னா தரகன் இல்ல. சொல்லலைன்னா கூட்டுக் களவாணி. எப்படிப் பாத்தாலும் ஆளு முடிஞ்சாரு.

பழைய தரகருங்க ஒரு பக்கமா நின்னாவ. அதுல மூத்தவரு இருளாண்டித் தரகரு. கண்ணாலயே சொன்னாரு: சொல்லிராத. வாய மூடு. தொழில் போயிரும்.

வெயிலுமுத்து கூட்டத்த வெலக்கிட்டு நடந்தாரு. படிக்கல்லு கிட்டப் போனாரு. தோள்துண்ட எடுத்தாரு. எல்லாரும் கை மேல போடப் போறாருன்னு நெனச்சாவ. கீழ போட்டாரு. மண்ணுல. வெறுங்கைய நீட்டினாரு.

"நம்பி. கையக் குடுடே."

அழகியநம்பி பக்கத்துல நின்ன சேவகனப் பாத்தாரு.

"அன்னைக்கு எங்க வீட்டுல, என் பொண்டாட்டி கஞ்சியக் குடிச்சுட்டு, எத்தன விரலப் புடிச்ச? அதையே இப்பப் புடி. துண்டு வேண்டாம். வெளிச்சத்துல புடி. நீ கொறைவாப் புடிச்சேன்னா கொறைவாப் புடி. நான் ஒத்துக்கிடுதேன். ஊராரு என்னை வெட்டிப் போடட்டும்."

"நமக்குள்ள என்ன அண்ணாச்சி..."

"நமக்குள்ள இல்லடே. இனிமே எல்லாம் ஊருக்குள்ள. கையக் குடு."

நீட்டின கை நீட்டினபடி நிக்குது. தாவணியில ஒரு மாடு கத்தல. அழகியநம்பி பாத்தாரு. கூட்டத்தப் பாத்தாரு. மெதுவா, ரொம்ப மெதுவா, கையச் சால்வைக்குள்ள இழுத்துக்கிட்டாரு. குளிருற மாதிரி! சித்திரை மாசம்!

அம்புட்டுப் பேரும் மாட்டுக்காரன். கைய உருவினா என்ன அர்த்தம்னு தொட்டில்ல கெடக்கிறவனுக்கும் தெரியும். "ஏய்..."ன்னு ஒரு சத்தம் கெளம்புச்சு பாருங்க, கச்சேரிச் சேவகன் கம்பக் கீழ போட்டுட்டு ஓரமா நின்னுக்கிட்டான். கடைக்குள்ள புகுந்தாவ. கோடாலிய வச்சு இரும்புப் பெட்டிய ஒடைச்சாவ. தொறந்து பாத்தா பருத்திக்கொட்டை! பெட்டி கழுத்து வரைக்கும் பருத்திக்கொட்டை. வெள்ளி அம்புட்டும் பஞ்சு மூட்டைக்குள்ள ஒளிஞ்சு தெக்க போய்க் கப்பலேறி எங்கயோ போயிருச்சு.

அந்தக் கலவரத்துல அழகியநம்பியும் போய்ட்டாரு. பின்வாசல்ல வண்டி தயாரா நின்னுச்சாம். பொறவு அவரப் பாத்தவங்க யாரும் இல்ல. இலங்கையில பெரிய கடை வச்சிருந்தாருன்னு சொல்லுவாவ. கடலுக்குள்ளயே போய்ட்டாருன்னும் சொல்லுவாவ. ரெண்டாவது சொல்லுறவங்களுக்கு ஆசை அதிகம்.

கொம்பையா ஒரு சாக்க எடுத்தாரு. பருத்திக்கொட்டைய அள்ளி அள்ளிப் போட்டாரு. வேற என்ன எடுக்க? சாக்கத் தோள்ல தூக்கிக்கிட்டு வெளிய வந்தவரு, வெயிலுமுத்து முன்னால நின்னாரு. "மாடு போச்சு, மாட்டுத்தீவனம் வந்துருக்கு. நல்ல பாங்கிவே"ன்னாரு. வாழ்க்கையில அவரு சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான். யாரும் சிரிக்கல.

வெயிலுமுத்து நேரா தாவணிக்கு வடக்க போனாரு. அங்க கெணறு தோண்டின மண்ணக் கொட்டி ஒரு மேடு இருந்துச்சு. அதுல ஏறினாரு. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினாரு.

"எல்லாரும் பாருங்க! துண்டுக்குள்ள என்ன நடக்குன்னு காட்டுதேன்! இந்த விரலப் புடிச்சா இந்த வெலை. இப்படி மடக்கிப் புடிச்சா இது. நகத்த அழுத்தினா இது. வாங்குறவன் இத்தன புடிப்பான், நாங்க விக்கிறவன்கிட்ட இத்தனதான் புடிப்போம். நடுவுல இருக்கிறத நாங்க திம்போம். நானும் தின்னுருக்கேன்வே! வயிறு முட்டத் தின்னுருக்கேன்! துண்டுக்குள்ள பொய் கெடையாதுன்னு ஒங்ககிட்டச் சொல்லியே தின்னுருக்கேன். என்னை ஏமாத்தினவன் எங்கிட்டப் படிச்சவன்தான்."

ஒவ்வொரு விரலா, ஒவ்வொரு மடக்கா, பூராத்தையும் காட்டிட்டாரு. அப்பன் பாட்டன் காலத்துல இருந்து பூட்டி வச்ச ரகசியம். கீழ நின்ன வெவசாயச் சம்சாரிங்க அவங்கவங்க விரலப் புடிச்சுப் புடிச்சுப் பாத்தாவ. ஒருத்தன், "அப்ப போன வருசம் எஞ் சோடிக்கு..."ன்னு ஆரம்பிச்சவன் கணக்குப் போட்டு முடிக்கல, உக்காந்துட்டான்.

இருளாண்டித் தரகரு மேட்டுக்கு வந்தாரு. கோவம் இல்ல. அழுதாரு. "ஒரு பய ஒன்னக் கெடுத்தான். நீ எங்க எல்லாரையும் கெடுத்துட்டியேடே."

"ஆமா."

"இனிமே ஒன் கையில தரகன் கை படாது. ஒனக்குத் துண்டு கெடையாது."

மண்ணுல கெடந்த துண்ட எடுத்து ரெண்டாக் கிழிச்சாரு. ஒரு பாதிய அங்கயே போட்டாரு. இன்னொரு பாதியில கண்ணத் தொடைச்சுக்கிட்டுப் போய்ட்டாரு. அவருக்குப் பின்னாலயே மத்த தரகருங்களும் போனாவ. அதுல பாதிப் பேருக்குத் தொழில் கத்துக் குடுத்தது வெயிலுமுத்துதான். ஒருத்தன் திரும்பிப் பாக்கல.

மறுநாக் காலையில வெயிலுமுத்து செவலைச் சோடிய ஓட்டிக்கிட்டு கொம்பையா ஊருக்குப் போனாரு. ஆவுடைத்தாய் தடுக்கல. வாசல்ல நின்னு, "தண்டட்டிக்கு அழுதேன், இதுக்கு அழமாட்டேன்"னு மட்டும் சொல்லுச்சாம். கொம்பையா தொழுவத்துல செவலையக் கட்டிட்டு இவரு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. கொம்பையா வந்தாரு. நெத்தியப் பாத்தாரு. நோட்டுல இருந்த அதே கோபுரச்சுழி.

"ஒம்ம காளை உழும்வே. நல்லாவே உழும். ஒம்ம வார்த்தைதான் இனி எங்காட்டுல உழாது."

"சரிவே."

"தண்ணி குடிச்சுட்டுப் போம்னு சொல்லத்தான் வேணும். கெணறு வத்திக் கெடக்கு."

வெயிலுமுத்து வெறுந்தோளோட திரும்பி நடந்தாரு. அம்புட்டு தூரமும் நடந்தாரு. வழியில தெரிஞ்சவங்க வந்தா, அவங்க கை தானா பின்னால போயிருச்சாம். அவரு கண்டுக்கிடாத மாதிரி, "வெயிலு சாஸ்தியா இருக்குல்லா"ன்னுட்டுப் போவாராம்.

அடுத்த சித்திரை வந்துச்சு. தாவணி கூடுமா கூடாதான்னு ஊரே பயந்துச்சு. கூடுச்சு. மாடு இருக்கிற வரைக்கும் தாவணி உண்டுல்லா. வெயிலுமுத்து வந்தாரு. தரகு பேச ஒருத்தரும் கூப்புடல. அந்த வடக்கோர மேட்டுல ஏறி சும்மா நின்னாரு. வேற எங்க போவாரு, பொறந்ததுல இருந்து மாட்டுச் சாணி வாசத்துல நின்ன மனுசன்? கீழ தரகருங்க துண்ட எடுத்து ஒதறுறாவ. ஒரு சம்சாரியும் கைய நீட்டல. துண்டப் பாத்தாலே கை தானா மடிக்குள்ள போகுது. வியாபாரம் நகரல. மாடெல்லாம் நின்னு நின்னு ஒண்ணுக்கொண்ணு மொகத்தப் பாத்துக்கிட்டிருக்கு.

அப்ப வந்தாரு கொம்பையா. ஒரு கன்னுக்குட்டிய வாங்க வந்தவரு. விக்கிறவனக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு நேரா மேட்டுல ஏறினாரு. வெயிலுமுத்து பதறிப் போய், "என்னவே?"ன்னாரு.

"ஒம்ம வார்த்தைக்காக வரல. இங்கன வெளிச்சம் நல்லா இருக்கு."

சொல்லிட்டு தோள்துண்ட எடுத்து இடுப்புல இறுக்கிக் கட்டினாரு. கையத் தலைக்கு மேல தூக்கி, விரல விரிச்சு வெலையக் காட்டினாரு. விக்கிறவன் யோசிச்சான். அவனும் கையத் தூக்கி ஒரு விரலச் சேத்துக் காட்டினான். தாவணி பூராவும் பாத்துக்கிட்டிருக்கு. கொம்பையா மொறைச்சாரு. பாதி விரல மடக்கிக் காட்டினாரு. கீழ இருந்து ஒருத்தன், "குடுத்துருவே, கன்னு சவலையா இருக்கு!"ன்னு கத்தினான். இன்னொருத்தன், "குடுக்காதவே, வாலப் பாரு!"ன்னான். சிரிப்பு! ஒரு வருசத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் உப்போடைத் தாவணி சிரிச்சுச்சு. வெலை முடிஞ்சுச்சு.

பொறவு ஒவ்வொருத்தரா ஏற ஆரம்பிச்சாவ. சாயங்காலத்துக்குள்ள மேடு மிதிபட்டுப் படி மாதிரி ஆயிருச்சு. தரகருங்களும் வேற வழி இல்லாம துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு ஏறினாவ. இருளாண்டித் தரகரு கூட ஏறினாரு. வெலையக் காட்டினாரு, எறங்கினாரு. வெயிலுமுத்து இருக்கிற பக்கம் பாக்கல.

அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் ஒவ்வொரு சித்திரையும் வெயிலுமுத்து அந்த மேட்டுலதான் நின்னாரு. நிக்கச் சொன்னது யாரும் இல்ல. போகச் சொன்னதும் யாரும் இல்ல. வெலை முடிஞ்சவன் எல்லாம் அவரு மொகத்துக்கு நேரா விரலக் காட்டிட்டு, "பாத்துக்கிட்டீரா?"ம்பான். "பாத்துக்கிட்டேன்"ம்பாரு. அம்புட்டுதான். காசு கெடையாது, தரகு கெடையாது. மொதல்ல ஒண்ணு ரெண்டு வருசம், வெலை முடிஞ்ச சந்தோசத்துல பழைய பழக்கத்துக்கு அவரு கைய நீட்டுவாராம். எதுக்க நிக்கிறவன் அந்தக் கையப் பாப்பான். கும்புடு போட்டுட்டு எறங்கிருவான். பொறவு அவரும் நீட்டுறத விட்டுட்டாரு.

அந்த மேட்டுக்கு விரல்மேடுன்னு பேரு. நம்பலைன்னா சித்திரையில ஒரு நடை போய்ப் பாருங்க. மத்த ஊரு தாவணியில எல்லாம் இன்னைக்கும் துண்டு உண்டு. உப்போடையில கெடையாது. தெரியாம வெளியூர்க்காரன் ஒருத்தன் கை மேல துண்டப் போட்டுட்டான்னா, டீக் குடிக்கிறவன் கிளாசக் கீழ வச்சுட்டு ஓடி வந்து உருவி எறிவான். ரெண்டு பேரும் மேட்டுல ஏறணும், கையத் தூக்கணும், வெளிச்சத்துல விரலக் காட்டணும். வெலை முடிஞ்சதும் கும்புட்டுட்டு எறங்கிரணும். மத்த ஊருல எல்லாம் வெலை முடிஞ்சா கையப் புடிச்சுக் குலுக்குவாவ. உப்போடையில விரலக் காட்டுவாவ, கையக் குடுக்க மாட்டாவ.

பாத்தவங்க வாயில பொறந்து, கேட்டவங்க வாயில வளந்து, இங்கன வந்து நிக்கி இந்தக் கதை. மிச்சம் இனி ஒங்க பாடு.